போயிட்டு வந்த குளிர்

அக்கினி நட்சத்திரம் பிறந்து ஏழாம் நாள், கரூருக்கும் காங்கேயத்துக்கும் நடுவிலிருக்கிற கொழிஞ்சிக்காட்டூரில், காக்காய் கூடப் பறக்கச் சோம்பல்பட்டு நிழல் விட்டு நிழலுக்கு நடந்தே போய்க்கொண்டிருந்த ஒரு சாயங்காலத்தில், ஏசி மெக்கானிக் தெய்வசிகாமணி ஒரு பழைய காரின் குளிரைத் திறந்து வெளியே விட்டார். அது போய்விட்டு, மறுநாள் காலை பால் வண்டிக்குப் பின்னாலேயே திரும்பி வந்தது. எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். வந்தது, அவ்வளவுதான். வந்ததை வைத்துக்கொண்டு ஊர் என்ன பண்ணியது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

சிகாமணிக்கு நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான், மரியாதை. எங்கள் பக்கத்தில் எல்லாருமே பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுகிறவர்கள்தான். ஆனால் மூக்கில் வந்து உட்கார்ந்த ஈயிடம் "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஷெட்டுக்குள் நுழைந்த மாட்டை விரட்ட மனம் வராமல், அதுவாகக் கிளம்புகிற வரைக்கும் மூன்று மணி நேரம் வெயிலில் நின்ற மனிதர். 'போ' என்கிற அந்த ஓர் எழுத்து அவர் வாயில் வரவே வராது. யார் கிளம்பினாலும், எது கிளம்பினாலும், "போயிட்டு வாங்க"தான். இழவு வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். இவரோ பாடையைத் தூக்கும்போது கைகூப்பி "போயிட்டு வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு, செத்தவரின் மகன்கள் நாலு பேரும் அடிக்கத் துரத்த, வாய்க்கால் மேடு வரைக்கும் ஓடியிருக்கிறார். மாமா திரும்பி வரவில்லை, நல்லவேளை.

காருக்குச் சொந்தக்காரர் மங்கையர்க்கரசி டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், நாற்பது வயது, தனி ஆள், மூக்கில் கண்ணாடியும் கையில் குடையும் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. கோயமுத்தூருக்கு மாற்றல் உத்தரவு வந்து, ஜூன் ஒன்றாம் தேதி அங்கே போய்ச் சேர வேண்டும் என்று ஆகிவிட்டது. கார் அவருடைய அப்பா விட்டுப்போனது, முப்பத்தைந்து வருஷத்து வண்டி, வெள்ளை நிறம், நீளம் எப்படியென்றால் பின்பக்கம் ஷெட்டில் நின்றால் முன்பக்கம் பக்கத்து டீக்கடையில் நிற்கும். மூன்று கண்ணாடிகள் இறங்கவே இறங்காது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் மனசு வைத்தால் நாலு விரல் இறங்கும். ஏசி இல்லாமல் அதில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் இட்லிப் பானைதான். அதனால், "ஏசி ஆச்சுன்னா இந்த வண்டியிலயே கெளம்பிருவேன். ஆகலைன்னா..." என்று சொன்ன டீச்சர், ஆகாவிட்டால் என்ன என்பதைச் சொல்லி முடிக்காமல் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

இங்கே இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். ஊரில் எல்லாரும் சிகாமணியை அண்ணா என்பார்கள், அவரைவிட மூத்தவர்கள் கூட. டீச்சர் மட்டும் ஏழு வருஷத்தில் ஒரு தடவை கூட அண்ணா என்றதில்லை. "ஏனுங்க" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுவதும் அப்படித்தான், பஸ்ஸில் கண்டக்டரைக் கூப்பிடுவதும் அப்படித்தான். இதில் தான் எந்தக் கணக்கு என்று தெரியாமலே சிகாமணி ஏழு வருஷத்தை ஓட்டிவிட்டார். இப்போது ஏசியைச் சரிபண்ணினால் டீச்சர் போய்விடுவார். சரிபண்ணாவிட்டால் இத்தனை வருஷம் கட்டிக் காத்த கைத்தொழில் பெயர் போய்விடும். பாவம், மனிதருக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

"ஏனுங்க, வண்டிக்கு என்னதான் கோளாறு?" என்று டீச்சர் கேட்டார்.

"உள்ள இருக்கறது பழைய கேஸுங்க டீச்சர், கசிஞ்சு கொறைஞ்சுருச்சுங்க. வானத்துல ஓட்டை போடுதுன்னு எல்லா நாட்டுலயும் நிறுத்திட்டாங்க, இப்ப எங்கயும் கெடைக்காது. இதை முழுசா வெளிய எடுத்துட்டு, கம்ப்ரசர்ல பழைய எண்ணெய வடிச்சு புது எண்ணெய் ஊத்தி, ரப்பர் ஓரிங் பூரா மாத்தி, ஈரம் உறிஞ்சற டிரையர் புதுசு போட்டு, கொழாய்க்குள்ள காத்தே இல்லாம வேக்கம் புடிச்சு, அப்புறம் புது கேஸ் ஏத்தோணும். ரெண்டு நாள் வேலைங்க."

"பழசு பாட்டுக்கு இருக்கட்டுமே, புதுசையும் கூட ஊத்துனா ஆகாதா?"

"ஆகாதுங்க. பழசு போனாத்தான் புதுசு வர முடியும்," என்று சொல்லிவிட்டு, சிகாமணி பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

முறைப்படி பார்த்தால், பழைய கேஸைக் காற்றில் விடவே கூடாது. மெஷின் வைத்து உறிஞ்சி சிலிண்டரில் பிடிக்க வேண்டும். அந்த மெஷின் கரூரில் ஒருத்தரிடம் இருக்கிறது என்று டீச்சரிடமும் சொல்லியிருந்தார். கேட்டால் அவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று சிகாமணி கேட்கவில்லை. மரியாதை மனிதனை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்! அன்று சாயங்காலம் வால்வைத் திறந்தார். புஸ்ஸென்று வெள்ளையாகக் கிளம்பிய கேஸ், தகரக் கூரையின் இடுக்கு வழியாக நேரே மேலே ஏறியது. போகிற எதையும் சும்மா அனுப்பிப் பழக்கமில்லாத நம் ஆள், கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கைகூப்பி, "போயிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் ஆறரைக்கு அது வந்தது. கண்ணுக்கு முழுசாகத் தெரியாது. கன்றுக்குட்டி அளவுக்குப் பனி நடந்து வருகிற மாதிரி இருக்கும். வந்த வழியெல்லாம் தார் ரோட்டில் ஈரம். டீக்கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்று, கடைக்காரர் சென்னியப்பன் அடுப்பில் வைத்திருந்த பாலை ஆடை கட்ட வைத்துவிட்டு, ஷெட்டுக்குள் போய், காரை ஒரு சுற்றுச் சுற்றி, வால்வு வழியாக உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டது. சிகாமணி அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டிப் பார்த்தார். முள் நேற்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றது.

"ஒறம்பரை வந்திருக்குதாட்ட இருக்குது?" என்று வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பற்றிக் கேட்கிற மாதிரி விசாரித்தார் சென்னியப்பன்.

"பழைய கேஸுங்க. நேத்து அனுப்பி வெச்சேன், வந்துருச்சு."

"அப்படியா. டீ குடிக்குமா?"

"சூடு ஆகாதுங்க."

"அப்ப மோர் குடுத்துடறேன்," என்று சொல்லி ஒரு டம்ளர் மோரைக் கொண்டுவந்து பானட்டின் மேல் வைத்தார் சென்னியப்பன். அரை மணியில் அது கட்டியாக உறைந்து போயிருந்தது.

பத்து மணிக்கு டீச்சர் வந்து, "ஏனுங்க, ஆச்சுங்களா?" என்றார். "நாளைக்கு ஆயிருமுங்க," என்றார் சிகாமணி. டீச்சர் முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்த்த சிகாமணிக்கு நெஞ்சுக்குள் என்னவோ குளுகுளுவென்று ஓடியது, அது கேஸ் இல்லை. அன்று சாயங்காலமும் வால்வைத் திறந்தார், தொழிலென்றால் திறந்துதானே ஆக வேண்டும்? ஆனால் இந்த முறை சுற்றுமுற்றும் பார்த்து, யாரும் இல்லை என்று உறுதி பண்ணிக்கொண்டு, குனிந்து, மெல்ல, "போயிட்டு வாங்க. கட்டாயம் வாங்க" என்றார். கட்டாயம் வந்தது.

இப்படியே சாயங்காலம் போவதும் காலையில் வருவதுமாக நாலு நாள் ஆனபோது, ஊர் பழகிவிட்டது. காரில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போன குளிர், பத்து மணி வாக்கில் இறங்கி வந்து ஷெட்டின் நடுவில் படுத்துக்கொள்ளும், சாயங்காலம் மறுபடி காருக்குள் ஏறிக்கொள்ளும். அதைச் சுற்றித் தயிர்ப்பானைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள், மல்லிகைப்பூக் கூடைகளை வைத்தார்கள், வேர்க்குரு வந்த குழந்தைகளை வரிசையாகப் படுக்கப்போட்டார்கள், மாசமாக இருக்கிற பெண்களுக்குத் தனி நாற்காலி போட்டார்கள். எப்போதோ ஊட்டிக்கு டூர் போனபோது வாங்கி, வாங்கின நாளிலிருந்து பெட்டியில் கிடந்த குரங்குக் குல்லாக்களை எடுத்து மாட்டிக்கொண்டு பெரியவர்கள் சீட்டாட வந்தார்கள். சித்திரை வெயிலில் கொழிஞ்சிக்காட்டூரில் இரண்டு பேருக்குச் சளி பிடித்தது, அதை அவர்கள் பக்கத்து ஊருக்கெல்லாம் போய்த் தும்மிக் காட்டிவிட்டு வந்தார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, பழைய கேஸும் மரியாதை தெரிந்த கேஸ்தான். யாரையும் விறைக்க வைக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டல்லவா, தினமும் போகும்போதும் வரும்போதும் வானத்தில் ஒரே இடத்தில் உரசிக்கொண்டு போய் வந்ததில், அங்கே ஓட்டை விழுந்துவிட்டது. முதல் நாள் காசு அளவுக்கு ஒரு வெள்ளை வெயில் தரையில் விழுந்தது. காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் விழும், உச்சிப் பொழுதுக்கு டீக்கடை வாசலுக்கு வரும், சாயங்காலம் பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் போய்விடும். ஊர் அதையும் விடவில்லை. ஓட்டை வெயில் என்று பெயர் வைத்து, அதற்கு நேராக ஒரு வடகத்தைப் பிழிந்து, பிழிந்த கையை எடுப்பதற்குள் காய்ந்ததை எடுத்து டப்பாவில் போட்டார்கள். வடைத்தட்டு அளவுக்கு வளர்ந்ததும் சென்னியப்பன் அடுப்பை அணைத்துவிட்டுப் பால் பாத்திரத்தை அதில் வைத்து, அது நகர நகரப் பாத்திரத்தையும் பெஞ்சையும் நகர்த்தி, பெஞ்சில் இருந்தவர்களையும் நகர்த்தினார். இஸ்திரி வண்டிக்காரர் கரியே வாங்கவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் நாச்சிமுத்து, "குளிர் வலதுபுறம், வெயில் இடதுபுறம், தள்ளாமல் வரிசையில் வரவும்" என்று போர்டு எழுதி வைத்தார். ஒன்பதாம் நாள் போர்டைச் சரிபார்க்க வந்த தலைவர் நிதானம் தவறி அரை நிமிஷம் இடதுபுறம் நின்றுவிட, மை போட்டுக் கறுப்பாக்கி வைத்திருந்த மீசை கிளிப்பச்சை ஆகிவிட்டது. நல்லாத்தான் இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள், வேறு என்ன சொல்வது?

டீச்சர் மட்டும் வடகமும் போடவில்லை, குல்லாவும் போடவில்லை. தினம் உச்சிப் பொழுதில் ஒரு சாக்பீஸோடு வந்து, ஓட்டை வெயிலைச் சுற்றி ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, நோட்டில் என்னவோ குறித்துக்கொண்டு, "ஏனுங்க, ஆச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார். "நாளைக்கு ஆயிருமுங்க," என்பார் சிகாமணி. இந்த இரண்டு வாக்கியத்துக்காகவே அவர் காலையில் எழுந்து தலைசீவ ஆரம்பித்திருந்தார்.

பதினோராம் நாள் டீச்சர் வந்தபோது குடையில் துணியே இல்லை, வெறும் கம்பிகள்தான் இருந்தன. அப்படியே அதைப் பிடித்துக்கொண்டு நிழலில் வருகிற மாதிரி வந்தார்.

"கோடு போடறப்ப கொடைய நீட்டிட்டேன்," என்று சொல்லிவிட்டு, நோட்டை பானட்டின் மேல் விரித்தார். "ஏனுங்க, இதைப் பாருங்க. தெனமும் ரெண்டு மடங்கு. மொத நாள் காசு. இன்னைக்கு என் கொடை. இன்னும் பத்து நாள் போனா எங்க பள்ளிக்கூட மைதானம் முழுசு. அன்னைக்குத்தான் பள்ளிக்கூடம் தெறக்கறாங்க. காலையில இருநூத்தி நாப்பது புள்ளைங்க அங்க வரிசையா நிப்பாங்க."

சிகாமணி அந்தக் கணக்கைப் பார்த்தார். மீசை பச்சையானால் சிரிக்கலாம். இருநூற்று நாற்பது பிள்ளைகள் என்றால் சிரிக்க முடியுமா?

"தெனமும் என்ன சொல்லி அனுப்பறீங்க அதை?" என்று கேட்டார் டீச்சர்.

"போயிட்டு வாங்கன்னுங்க."

டீக்கடை பெஞ்சு முழுக்கத் தலையிலடித்துக்கொண்டது. "கெட்டுது போ! அப்படிச் சொன்னா வராம என்னண்ணா பண்ணும்?" என்றார் சென்னியப்பன்.

"மொத நாள் வாய் தவறிச் சொல்லிட்டனுங்க."

"அதுக்கப்புறம்?" என்றார் டீச்சர்.

சிகாமணி கையிலிருந்த கட்டிங் பிளேயரைத் திறந்தார், மூடினார், திறந்தார். "அதுக்கப்புறம் வாய் தவறலைங்க. அது போயிருச்சுன்னா... வண்டி ரெடியாயிருமுங்க."

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கீழே வைத்தார்கள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்தார். தலை நிமிர முடியாமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்த சிகாமணி அப்போதுதான் கவனித்தார்: இரண்டு மடங்கு, பள்ளிக்கூடம் திறக்கிற நாள், மைதானம் என்று போட்ட அந்தக் கணக்கின் மேலே எழுதியிருந்த தேதி ஆறு நாளைக்கு முந்தினது, டீச்சருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அவர் பார்ப்பதைப் பார்த்ததும் டீச்சர் நோட்டை டப்பென்று மூடி, "கரூர்ல மெஷின் இருக்குதுன்னீங்களே, கேட்டீங்களா?" என்று ஒரு அதட்டல் போட்டார்.

"அவருக்குச் சங்கடமா..."

"நான் கேக்கறேன்," என்று சொல்லி, கம்பிக் குடையோடு பன்னிரண்டே கால் பஸ்ஸைப் பிடித்தார்.

டீச்சர் வருவதற்குள் ஊரே கூடிப் பேசியது. மெஷின் உறிஞ்சினாலும், 'போ' என்று சொன்னால்தான் அது நிஜமாகப் போகும், மரியாதை தெரிந்த கேஸ் ஆச்சே என்று தீர்மானமாயிற்று. தலைவர் நாச்சிமுத்து முன்னால் வந்து தொண்டையைச் செருமி, "போ..." என்று ஆரம்பித்து, குளிர் தலை தூக்கிப் பார்க்கவும், "...யிட்டு வாங்க" என்று முடித்துவிட்டு மீசையைத் தடவினார். கோபம் வந்தால் யாரையும் "போடா" என்கிற சென்னியப்பன் முயன்று பார்த்தார். ஒறம்பரையை எப்படி அப்படிச் சொல்வது என்று அவருக்கும் நா எழவில்லை. யார் கூப்பிட்டார்களோ அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்று எல்லாரும் சிகாமணியைப் பார்த்தார்கள். அவர் ஷெட்டின் பின்பக்கம் போய், சுவரைப் பார்த்து "போ, போ" என்று பழகினார். சுவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒன்பது வருஷமாக அவர் காலடியில் கிடந்த நாய், அதைக் கேட்டு எழுந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீக்கடைக்குக் குடிபோய்விட்டது.

நாலு மணி பஸ்ஸில் மெஷின் வந்து இறங்கியது, டீச்சரும் இறங்கினார். குழாயை மாட்டி மெஷினை ஓடவிட்டார்கள். கால் மணி நேரம் ஓடியது, முள் அசையவில்லை. கேஸ் காருக்குள் தன் இடத்தில் மரியாதையாக உட்கார்ந்து, தனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டிருந்தது. சிகாமணி பானட்டின் மேல் கை வைத்தார். பத்து நாளாகத் தன் பேச்சை நம்பிப் போய் வந்த ஜீவன் அது, பேச்சைத் தட்டாத ஜீவன், தனக்காகவே நடையாய் நடந்தது. அதை அனுப்பினால் பின்னாலேயே டீச்சரும் போய்விடுவார். மைதானத்தில் வரிசையாக நிற்கப் போகிற பிள்ளைகளை நினைத்துக்கொண்டார். அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதார்.

"போ," என்றார். "போ சாமி. இனிமே வராதே."

முள் ஒரு நடுக்கு நடுங்கி, விறுவிறுவென்று இறங்கியது. சிலிண்டர் வெளியெல்லாம் வேர்த்துக்கொட்ட, கடைசிச் சொட்டும் அதற்குள் போய் அடங்கியது. சிகாமணியின் மீசையில் மட்டும் கொஞ்சம் பனி ஒட்டியிருந்தது, அது அரை மணி நேரம் கரையவில்லை.

இரண்டு நாளில் ஓட்டை வெயில் சுருங்கிக் காசாகி, காசு புள்ளியாகி, இல்லாமல் போயிற்று. தயிர் பழையபடி மத்தியானத்துக்குள் புளித்தது. "இன்னொரு வாட்டி கூப்புட்டுப் பாருங்கண்ணா," என்று ஒரு வாரம் ஊர் நச்சரித்தது. சிகாமணி காது கொடுக்காமல் வேலையைப் பார்த்தார்: பழைய எண்ணெயை வடித்தார், புது எண்ணெய் ஊற்றினார், ஓரிங் அத்தனையும் மாற்றினார், புது டிரையர் மாட்டினார், ஒரு மணி நேரம் வேக்கம் பிடித்து இன்னொரு மணி நேரம் அது நிற்கிறதா என்று பார்த்தார், பழைய கேஸ் பிடித்த அளவுக்கு நிரப்பாமல் கொஞ்சம் குறைத்துப் புது கேஸ் ஏற்றினார், இந்த வண்டியில் இனிமேல் இன்ன கேஸ்தான் என்று ஒரு சீட்டை பானட்டுக்கு உள்ளே ஒட்டினார். அவர் ஆயுசில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை பார்த்ததில்லை. அவ்வளவு வேண்டா வெறுப்பாகவும் பார்த்ததில்லை.

மே மாதம் இருபத்தேழாம் தேதி காலை பதினோரு மணிக்கு டீச்சர் பெட்டி படுக்கையெல்லாம் டிக்கியில் ஏற்றி, ஸ்டியரிங்கைப் பிடித்து, ஏசியைப் போட்டார். கண்ணாடியெல்லாம் வெளியே பனி பூத்தது. டீக்கடையே எழுந்து நின்றது. சிகாமணி மட்டும் குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று மூன்றாம் தடவையாகப் பார்த்தார். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி நாலு விரல் இறங்கியது.

"ஏனுங்க. ஒண்ணுமே சொல்லலையே."

"என்னங்க சொல்லோணும்?"

"பழைய கேஸுக்குப் பத்து நாள் சொன்னீங்க. எனக்கு ஒரு வாட்டி சொல்லப்படாதா?"

சிகாமணி கையைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினார். "போயிட்டு வாங்க டீச்சர்," என்றார். அப்புறம், இந்த முறை சுற்றுமுற்றும் பார்க்காமல், ஊர் கேட்க, "கட்டாயம் வாங்க" என்றார்.

நீளமான அந்த வெள்ளைக் கார் காங்கேயம் ரோட்டில் திரும்பி மறைந்தது. சிகாமணி ஷெட்டுக்குள் போய் ஸ்பேனர்களை அளவுவாரியாக அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார். நாய் டீக்கடையிலிருந்து வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது.

பன்னிரண்டரைக்கு ஹாரன் சத்தம் கேட்டது. காரின் முன்பக்கம் டீக்கடையில் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு டீச்சர் இறங்கினார். முந்தானையை இழுத்துத் தோள் இரண்டையும் மூடியிருந்தார், பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது, வெயிலில் கால் வைத்ததும் மூக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஆவி படர்ந்துவிட்டது. எதிரில் இருப்பது சிகாமணியா சுவரா என்று தெரியாமல், பொதுவாக ஒரு பக்கம் பார்த்து,

"ஏனுங்க, ஏசியில குளிரே வரலை," என்றார்.

சென்னியப்பன் ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்திலேயே நின்றது. சிகாமணி பானட்டைத் திறந்து கேஜை மாட்டினார். முள் எங்கே நிற்க வேண்டுமோ மயிரிழை பிசகாமல் அங்கே நின்றது. காருக்குள் கையை விட்டு, காற்று வருகிற இடத்தில் வைத்துப் பார்த்தார், விரல் மரத்துப்போனது.

"ஆமாங்க," என்றார். "சுத்தமா வரலைங்க."

"ஒண்ணாந்தேதி அங்க போய்ச் சேந்துட்டு, வாராவாரம் சனிக்கிழமை கொண்டாந்து காட்டறேன். எத்தனை வாரம் ஆகும்?"

"இப்ப சொல்ல முடியாதுங்க. பாத்துப் பாத்துத்தான் செய்யோணும்," என்று சொல்லி, சிகாமணி பெஞ்சைத் துண்டால் தட்டிப் போட்டார். "நீங்க உக்காருங்க."